ஏழாம் தேதியும் பதினைந்தாம் தேதியும்

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24 பேர். 2025 ஜூன் மாதச் சம்பளப் பட்டியல் ரூ.7,34,000. பட்டறை கற்பனைதான். ஆனால் கீழே வரும் விகிதங்களும் உச்சவரம்புகளும் கெடு தேதிகளும் 2025-26 நிதியாண்டில் நடப்பில் இருந்தவை. சம்பளம் கொடுக்கும் முதலாளி யார் யாருக்காக எவ்வளவு பிடிக்க வேண்டும், பிடித்ததை எத்தனை நாள் கையில் வைத்திருக்கலாம், பிசகினால் என்ன விலை என்று ரூபாய்க் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் ஆட்கள். பட்டறை மேலாளர் ஒருவருக்கு மாதம் ரூ.1,50,000. வடிவமைப்புப் பொறியாளர் ஒருவருக்கு ரூ.1,10,000. சூப்பர்வைசர்கள் இருவருக்குத் தலா ரூ.45,000. லேத், மில்லிங் ஆபரேட்டர்கள் எட்டுப் பேருக்குத் தலா ரூ.24,000. உதவியாளர்கள் பன்னிரண்டு பேருக்குத் தலா ரூ.16,000. எல்லோருமே பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) உறுப்பினர்கள், எல்லோருக்கும் பிஎஃப் கணக்கிடுவது ரூ.15,000 உச்சவரம்பில் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூன் மாதப் பேரேடு இப்படி நிற்கும்:

வருமான வரிப் பிடித்தம் (டிடிஎஸ்), 2 பேர்: ரூ.16,467
பிஎஃப், ஊழியர் பங்கு, 24 பேர்: ரூ.43,200
பிஎஃப், முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமும்: ரூ.46,800
இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), ஊழியர் பங்கு, 12 பேர்: ரூ.1,440
இஎஸ்ஐ, முதலாளி பங்கு: ரூ.6,240
மொத்தம்: ரூ.1,14,147

இதில் ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்தது ரூ.61,107. முதலாளி தன் கையிலிருந்து போட்டது ரூ.53,040, அதாவது சம்பளப் பட்டியலில் 7.2 சதவீதம். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்குப் பின்னால் வருவோம்.

பேரேட்டைப் பார்த்ததும் தெரிவது, வருமான வரி இதில் சின்னப் பங்கு என்பதுதான். கட்ட வேண்டிய ரூ.1,14,147இல் டிடிஎஸ் 14 சதவீதத்துக்கு ஒரு பிசிறு மேல், அவ்வளவுதான். 24 பேரில் 22 பேருக்கு வரிப் பிடித்தம் சுழியம். ஆபரேட்டரின் ஆண்டுச் சம்பளம் ரூ.2,88,000, புதிய வரி முறையில் முதல் ரூ.4 லட்சத்துக்கு வரியே கிடையாது. சூப்பர்வைசருக்கு ஆண்டுக்கு ரூ.5,40,000, நிலைக்கழிவு ரூ.75,000 போக ரூ.4,65,000, அதற்கு வரி ரூ.3,250 வரும், 87ஏ பிரிவின் தள்ளுபடியில் அது கரைந்துபோகும். வரிக்குரிய வருமானம் ரூ.12 லட்சம் வரை இந்தத் தள்ளுபடி உண்டு.

இன்னொன்றும் தெரிகிறது. உதவியாளரின் ரூ.16,000இல் பிஎஃப் ரூ.1,800, இஎஸ்ஐ ரூ.120 போகிறது. சரியாக 12 சதவீதம். மேலாளரின் ரூ.1,50,000இல் வரியும் பிஎஃப்பும் சேர்ந்து ரூ.14,367, அதாவது 9.6 சதவீதம். பொறியாளருக்கு 5.2 சதவீதம்தான். பிஎஃப் அவரவர் சேமிப்பு, வரி திரும்பி வராதது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் மாதக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகையை வைத்துப் பார்த்தால் பட்டறையிலேயே அதிக விகிதத்தில் பிடிபடுவது கடைசி ஆளுக்குத்தான்.

இரண்டு பேருக்குத்தானே வரி, அதற்கு எதற்கு இத்தனை பேச்சு என்று கேட்கலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆவது பிரிவு முதலாளிக்குக் கொடுக்கும் வேலை வரியைப் பிடிப்பது மட்டுமல்ல, மதிப்பிடுவதும்தான். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடலாம். சம்பளத்தில் அது நடக்காது. ஏப்ரலிலேயே ஒவ்வொருவரின் ஆண்டு வருமானத்தையும் முன்கூட்டி மதிப்பிட்டு, ஆண்டு வரியைக் கணக்கிட்டு, அதன் சராசரி விகிதத்தை மாதா மாதம் பிடிக்க வேண்டும். 24 பேருக்கும் மதிப்பீடு போட்ட பிறகுதான் 22 பேருக்கு வரி இல்லை என்றே தெரியும். பழைய முறையா புதிய முறையா என்று ஊழியரிடம் கேட்டு வைக்க வேண்டும்; அவர் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறை. வருடத்தின் நடுவில் சேர்ந்தவர் என்றால் பழைய இடத்துச் சம்பள விவரத்தையும் வாங்கிச் சேர்க்க வேண்டும்.

மேலாளர் கணக்கு நேரானது. ஆண்டுக்கு ரூ.18,00,000, நிலைக்கழிவு போக ரூ.17,25,000. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம் என்றால் ரூ.20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், ரூ.40,000. 12 முதல் 16 வரை 15 சதவீதம், ரூ.60,000. மிச்சம் ரூ.1,25,000க்கு 20 சதவீதம், ரூ.25,000. கூட்டினால் ரூ.1,45,000. அதன்மேல் 4 சதவீத செஸ் ரூ.5,800. ஆண்டு வரி ரூ.1,50,800, மாதத்துக்கு ரூ.12,567. அக்டோபரில் தீபாவளிக்கு ஒரு லட்சம் போனஸ் கொடுத்தால் கூடுதல் வரி ரூ.20,800. அதை அந்த மாதத்திலேயே மொத்தமாகப் பிடிக்க வேண்டியதில்லை. கூடக் குறையப் பிடித்ததை ஆண்டுக்குள் சரிக்கட்டிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. மிச்சமுள்ள ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ரூ.3,467 கூடும், அவ்வளவுதான். மேலாளர் பான் எண் தராதவராக இருந்தால் கதை வேறு. அப்போது 20 சதவீதம், மாதம் ரூ.30,000 பிடிக்க வேண்டும்.

பொறியாளர் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. ஆண்டுக்கு ரூ.13,20,000, நிலைக்கழிவு போக ரூ.12,45,000. ரூ.12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது. அடுக்குப்படி வரி ரூ.66,750. ரூ.45,000 கூடுதலாகச் சம்பாதித்ததற்கு ரூ.66,750 வரி என்பது அநியாயம் என்பதால் மார்ஜினல் ரிலீஃப் என்றொரு சலுகை வைத்திருக்கிறார்கள்: 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது. ஆக வரி ரூ.45,000, செஸ் ரூ.1,800, மொத்தம் ரூ.46,800. மாதம் ரூ.3,900.

இந்தச் சலுகைக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. ரூ.12,00,000க்கும் சுமார் ரூ.12,70,588க்கும் இடையே, கூடுதலாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் வரி நூறு ரூபாய், செஸ் நான்கு ரூபாய். ஜூலையில் முதலாளி மனமுவந்து மாதம் ரூ.2,000 சம்பள உயர்வு அறிவித்து ஏப்ரலிலிருந்து அரியரும் தருகிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு ரூ.24,000 கூடும். வரிக்குரிய வருமானம் ரூ.12,69,000, வரி ரூ.69,000, செஸ் ரூ.2,760, மொத்தம் ரூ.71,760. பழைய வரியைவிட ரூ.24,960 அதிகம். சம்பள உயர்வு வாங்கியவர் ஆண்டு முடிவில் ரூ.960 இழந்து நிற்பார். முதலாளி கொடுத்தது அத்தனையும் அரசுக்குப் போயிருக்கும். இதை அவருக்கு விளக்க வேண்டியவர் கணக்குப்பிள்ளை. பாவம், சட்டம் எழுதியவர் அல்ல.

இதற்கு வழி இல்லாமல் இல்லை, சம்பளப் பட்டியல் போடுகிறவருக்குத் தெரிந்திருந்தால். முதலாளி வழியாக என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் போடும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் கழிவு உண்டு. பொறியாளரின் அதே ரூ.1,10,000க்குள்ளிருந்தே மாதம் ரூ.3,750ஐ என்பிஎஸ் பக்கம் திருப்பிவிட்டால், கையில் தரும் சம்பளம் ஆண்டுக்கு ரூ.12,75,000, நிலைக்கழிவு போக சரியாக ரூ.12,00,000. வரி சுழியம். முன்பு வரியும் பிஎஃப்பும் போக அவர் கைக்கு வந்தது ரூ.1,04,300. இப்போது ரூ.1,04,450. கைக்கு ரூ.150 கூடுகிறது, ஓய்வுக்கால நிதியில் மாதம் ரூ.3,750 சேர்கிறது, பட்டறைக்கு ஒரு பைசாகூடக் கூடுதல் செலவில்லை. அடிப்படைச் சம்பளம் ரூ.26,800 இருந்தாலே இது நடக்கும். பிடித்தம் என்பது சலான் போடுகிற வேலை மட்டும்தான் என்று நினைக்கும் முதலாளிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தொழில் வரியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அரையாண்டு வருமானம் ரூ.75,000க்கு மேல் போனால் அரையாண்டுக்கு ரூ.1,250. அதுதான் உச்சம். உதவியாளரின் அரையாண்டு வருமானமே ரூ.96,000. ஆகவே 24 பேருக்கும் ஒரே தொகை, அரையாண்டுக்கு ரூ.30,000, ஆண்டுக்கு ரூ.60,000. மேலாளருக்கு இது வருமானத்தில் 0.14 சதவீதம், உதவியாளருக்கு 1.3 சதவீதம். அடுக்குகள் வைத்த வரிதான், ஆனால் சம்பளம் எல்லா அடுக்கையும் தாண்டி ஏறிவிட்டதால் இப்போது அது தலைவரியாக நிற்கிறது. ஆண்டுக்கு ரூ.2,500க்கு மேல் தொழில் வரி போகக் கூடாது என்ற வரம்பு அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவில் இருக்கிறது. 1988இல் ரூ.250ஐ ரூ.2,500 ஆக்கியதோடு சரி.

உச்சவரம்புகள் அசையாமல் நிற்பது இங்கு மட்டுமல்ல. பிஎஃப் சம்பள வரம்பு 2014 செப்டம்பரில் ரூ.6,500இலிருந்து ரூ.15,000 ஆனது, ஜூன் 2025 பட்டியல் போடும்போதும் அதேதான். இஎஸ்ஐ வரம்பு 2017 ஜனவரியிலிருந்து ரூ.21,000. நம் ஆபரேட்டர்கள் எட்டுப் பேரும் ரூ.3,000 வித்தியாசத்தில் இஎஸ்ஐக்கு வெளியே நிற்கிறார்கள். இஎஸ்ஐயில் குறைந்தது விகிதம் மட்டும். 2019 ஜூலைக்கு முன் முதலாளி 4.75, ஊழியர் 1.75 சதவீதம், பிறகு 3.25, 0.75. உதவியாளர் பன்னிரண்டு பேரின் ரூ.1,92,000க்குப் பழைய விகிதத்தில் ரூ.12,480 கட்டியிருக்க வேண்டும், இப்போது ரூ.7,680. ஒரு சலுகையும் உண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற இரு பங்களிப்புக் காலங்களில், நடுவில் சம்பளம் ரூ.21,000ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தமும் தொடரும், மருத்துவ உரிமையும் தொடரும்.

பிஎஃப்பில் ஓர் ஆளுக்கு முதலாளியின் செலவு ரூ.1,950. ஓய்வூதியத் திட்டத்துக்கு ரூ.1,250, பிஎஃப் கணக்குக்கு ரூ.550, காப்பீட்டுக்கு ரூ.75, நிர்வாகக் கட்டணம் ரூ.75. பிஎஃப் சட்டம் 20 பேர் சேர்ந்தால் பொருந்தும். 19 பேர் வைத்திருக்கும் பட்டறை ரூ.16,000 சம்பளத்தில் இருபதாவது ஆளை எடுத்தால், அவருடைய சம்பளமும் ரூ.520 இஎஸ்ஐயும் மட்டும் செலவு என்று நினைக்கக் கூடாது. எல்லோரும் உறுப்பினராகி ரூ.15,000 சம்பளத்தில் பிஎஃப் கணக்கிட்டால், அன்றிலிருந்து 20 பேருக்கும் மாதம் ரூ.39,000 முதலாளி பங்கு. 20 பேரின் கைச் சம்பளத்திலிருந்தும் ரூ.36,000 பிடித்தம், அதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை. பின்னால் ஆள் குறைந்து 15 ஆனாலும் பிஎஃப் விடாது. பத்தொன்பதிலேயே நின்றுகொள்ள முதலாளிகளுக்கு ஏன் ஆசை வருகிறது என்பதற்கு இந்த ரூ.39,000தான் பதில். அதற்காகக் கான்ட்ராக்ட் ஆள் என்று பெயர் மாற்றுவது உதவாது. ஒப்பந்தத் தொழிலாளரும் அந்த இருபதில் சேர்த்திதான்.

இனி தேதிகள். வருமான வரிப் பிடித்தம் சம்பளம் கொடுக்கும் நாளில் நடக்கிறது. அந்த மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். ஜூன் சம்பளத்தை ஜூன் 30இல் கொடுத்தால் கெடு ஜூலை 7, ஏழு நாள். அதே சம்பளத்தை ஜூலை 1இல் கொடுத்தால் பிடித்தம் ஜூலையில் நடந்ததாகிறது; கெடு ஆகஸ்ட் 7; முப்பத்தேழு நாள். ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலையில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தால் அப்போதைய சட்டப்படி சரி என்பதால் இதில் எந்தத் தப்பும் இல்லை. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் அப்படியல்ல. சம்பளத்தை என்றைக்குக் கொடுத்தாலும், உழைத்த மாதத்தை வைத்துக் கணக்கு. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கெடு.

ஜூன் 30இல் பிடித்த ரூ.16,467ஐ ஜூலை 8இல் கட்டினால்? தாமதம் ஒரு நாள். வட்டி, பிடித்த நாளிலிருந்து கட்டிய நாள் வரை, மாதத்துக்கோ மாதத்தின் பகுதிக்கோ 1.5 சதவீதம். துறையின் கணினி காலண்டர் மாதமாக எண்ணுவதால் ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று, ஆக 3 சதவீதம், ரூ.494. பிடிக்கவே மறந்திருந்தால் வட்டி மாதம் 1 சதவீதம்தான். மறதிக்கு ஒரு விலை, பிடித்துவிட்டுக் கையில் வைத்திருப்பதற்கு அதைவிடக் கூடுதல் விலை.

மறதியும் மலிவல்ல. மேலாளருக்கு ஆண்டு முழுதும் வரி பிடிக்காமலே விட்டால், அவர் சம்பளத்தில் 30 சதவீதம், ரூ.5,40,000, பட்டறையின் செலவாக ஏற்கப்படாது. பங்குதாரர் நிறுவனம் என்றால் 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம், ரூ.1,68,480 வரி கூடும். பிடித்திருக்க வேண்டிய வரியே ரூ.1,50,800தான். மேலாளர் தானே வரியைக் கட்டிக் கணக்கும் தாக்கல் செய்துவிட்டார் என்று ஆடிட்டர் சான்று தந்தால் இதிலிருந்து மீளலாம். காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.200, ஏப்ரல்-ஜூன் அறிக்கையை ஜூலை 31க்குப் பதில் ஆகஸ்ட் 30இல் போட்டால் ரூ.6,000. அந்தக் காலாண்டின் மொத்தப் பிடித்தமே ரூ.49,401. வரி முழுதும் காலத்தில் கட்டியிருந்தாலும் இந்தக் கட்டணம் தப்பாது.

ஆனாலும் பட்டறைக் கணக்கில் மிக விலை உயர்ந்த நாள் எது என்றால் பதினாறாம் தேதிதான். ஜூன் மாத பிஎஃப் ரூ.90,000ஐ ஜூலை 15க்குப் பதில் 16இல் கட்டினால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஒரு நாளுக்கு ரூ.30. இழப்பீடு மாதத்துக்கோ பகுதிக்கோ 1 சதவீதம், ரூ.900. இதோடு போனால் பரவாயில்லை. ஊழியரிடமிருந்து பிடித்த ரூ.43,200 கெடுவுக்குள் போய்ச் சேராததால் அது முதலாளியின் வருமானமாகவே நின்றுவிடும். 2025-26 விதிப்படி பின்னால் கட்டியும் கழிவு கிடைக்காது. 31.2 சதவீதத்தில் ரூ.13,478. ஒரு நாள் பிசகுக்கு மொத்தம் ரூ.14,408. ஆண்டு முழுதும் மாதா மாதம் இப்படிப் பதினாறாம் தேதியாகிவிட்டால், வருமான வரி வகையில் மட்டும் ரூ.1,61,741.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் போதும் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 2022 அக்டோபர் 12இல் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. முதலாளியின் சொந்தப் பங்குக்கு அந்தத் தாராளம் 2025-26இலும் இருந்தது. ஊழியர் பங்குக்கு இல்லை, ஏனென்றால் அது முதலாளியின் பணமே அல்ல என்றது நீதிமன்றம். இந்தப் பேரேட்டிலுள்ள அபராதங்கள் ஏன் இப்படி ஏறுமாறாக இருக்கின்றன என்பதற்கு விளக்கமும் அதுதான். தன் பணத்தைத் தாமதமாகக் கட்டினால் வட்டியோடும் இழப்பீட்டோடும் போகும். அடுத்தவர் பணத்தைத் தாமதமாகக் கட்டினால் தொகைக்குச் சம்பந்தமே இல்லாத விலை. குற்ற வழக்கும் அதே கோட்டில்தான் போகிறது. பிடித்த வரியைக் கட்டாவிட்டால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் இருந்தது; 2024 அக்டோபரிலிருந்து, காலாண்டு அறிக்கைக்கான கெடுவுக்குள் கட்டிவிட்டால் வழக்கில்லை என்று இளக்கியிருந்தார்கள். பிடித்த பிஎஃப்பைக் கட்டாதது நம்பிக்கை மோசடி.

ஆண்டுக்கு எத்தனை தேதி? வருமான வரி சலான் 12, காலாண்டு அறிக்கை 4, பிஎஃப் 12, இஎஸ்ஐ 12, தொழில் வரி 2, ஜூன் 15க்குள் படிவம் 16 கொடுக்கும் வேலை ஒன்று. குறைந்தது 43. இதற்கு அரசு கூலியோ கழிவோ தருவதில்லை. சட்டங்களும் மாறியிருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து 192ஆவது பிரிவு 392 ஆகியிருக்கிறது. 2025 நவம்பர் 21இல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கில் வரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி பிஎஃப்பைச் சுருக்கிவந்தவர்களுக்கு அந்த வழி அடைபடுகிறது.

பதினைந்தாம் தேதி மாலை பிஎஃப் தளம் திணறுவது ஊரறிந்தது. அதனால் சில கணக்கர்கள் பிஎஃப்பையும் இஎஸ்ஐயையும் ஐந்தாம் தேதியே கட்டிவிடுவார்கள். பணத்தைப் பத்து நாள் முன்னதாக வெளியே விடுவானேன் என்று முதலாளிகள் முணுமுணுப்பதும் உண்டு. ரூ.97,680ஐப் பத்து நாள் முன்பே கட்டினால், ஓவர்டிராஃப்ட் வட்டி 10 சதவீதம் என்றே வைத்தாலும், அந்தப் பத்து நாளுக்கான செலவு ரூ.268.